மடக்கு மூடி

மரம் அறுக்கும் ரம்பத்துக்கு இரண்டு வாய். ஒன்று பெட்ரோல் குடிக்கும், மற்றது சங்கிலிக்கான எண்ணெய் குடிக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில், ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே மாதிரி கறுப்பு மூடியோடு இருக்கும். ஒன்றின் மேல் பெட்ரோல் பங்க் படம், இன்னொன்றின் மேல் சொட்டுப் படம். கொஞ்ச நாள் வேலை செய்தால் அழுக்கு ஏறி இரண்டு படமும் ஒன்றாகிவிடும். இதை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது கையுறை போட்டுக்கொண்டு, மரத்தூள் கண்ணில் விழ, குனிந்து நின்று நிரப்பிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

மரம் வெட்டுவது எங்கள் பரம்பரைத் தொழில். பழைய ரம்பங்களில் இருந்தது சுற்றிச் சுற்றி இறுக்கும் மரை மூடி. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். மரையில் தூள் சிக்கினால் கோணலாக ஏறும். இறுகிவிட்டால் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்ப வேண்டும். மூடியைக் கட்டிவைத்திருக்கும் மெல்லிய வார் அறுந்தால், மூடி தூளுக்குள் விழுந்து நாங்கள் எல்லோரும் மண்டியிட்டுத் தேடுவோம். ஆனால் மரை மூடி மூடாவிட்டால், மூடவில்லை என்று பார்த்தாலே தெரியும். பிறகு வந்த மடக்கு மூடிக்கு அந்த நேர்மை கிடையாது. அதன் தலையில் சின்னக் காது மாதிரி ஒரு பிடி இருக்கும். பிடியைத் தூக்கி, லேசாகத் திருப்பி, மடக்கிவிட்டால் வேலை முடிந்தது. கருவி வேண்டாம், கைப்பலம் வேண்டாம். உள்ளே பூட்டு விழாவிட்டாலும் காது அழகாகப் படிந்துகொள்ளும். ரம்பத்தைத் தூக்கித் தொடையோரம் பிடித்து நடந்தால்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் கால்சட்டை தொப்பலாகியிருக்கும்.

இந்த மூடி எங்கள் வீட்டுக்கு வந்தது என் மருமகளோடு.

அவள் அப்பா, அதாவது என் சம்பந்தி, ரம்பக் கடைக்காரர். மெஷின் எண்ணெய் வாசம் அடிக்கும் கடையில் தினமும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. என் கடையில் எதுவும் ஒழுகாது என்பதை வாயால் சொல்லாமல் உடுப்பால் சொல்லும் மனிதர். பெண் எடுத்த வீட்டில் கடை இருக்கும்போது வேறு கடைப் படி ஏற முடியுமா? கல்யாணம் முடிந்த கையோடு எங்கள் பழைய ரம்பங்களையெல்லாம் பரணில் போட்டுவிட்டு, அவர் கடையின் புது ரம்பங்களை எடுத்துக்கொண்டோம்.

முதல் வாரத்திலேயே ஒழுகியது. என் மகன் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். வலது கால்சட்டை முழுக்க எண்ணெய். அவன் வாய் திறப்பதற்குள் நான் உத்தரவு போட்டேன்: இந்த விஷயம் இந்தக் கொட்டகையைத் தாண்டக் கூடாது. பெண் கொடுத்தவர்கள் பொருளைக் குறை சொல்வது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் கறுப்புக் கால்சட்டைக்கு மாறினார்கள். சம்பந்தி வீட்டுக்கு வரும்போதெல்லாம் மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்பார். தங்கம் மாதிரி ஓடுகிறது என்பேன். அவர் பார்வை என் மகனின் எண்ணெய்க் கறை படிந்த செருப்பில் ஒரு நொடி நிற்கும். பிறகு காபி நன்றாக இருக்கிறது என்பார்.

மருமகளின் ரம்பம் மட்டும் ஒழுகாது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபின் மரமேறக் கற்றுக்கொண்டவள் அல்ல. வரும்போதே ஏறத் தெரிந்தவள். எங்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் இடுப்பில் கயிறு கட்டி ஏறியதில்லை. முதலில் நான் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் அவள் ஏறுவதைக் கீழே நின்று பார்த்தேன். மொட்டைமாடியில் காயும் துணியை எடுக்கப் போகிறவள்போல, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் போனாள். கிளை எந்தப் பக்கம் விழும் என்று கீழே நின்ற நாங்கள் பந்தயம் கட்டுவதற்குள் அது அவள் நினைத்த பக்கம் விழுந்தது. அதன்பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் ரம்பம் ஏன் ஒழுகுவதில்லை என்பதற்கு எங்கள் ஆட்கள் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். மகளுக்கு மட்டும் நல்ல மெஷினாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை தலையில் மிச்சத்தைக் கட்டிவிட்டார் என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவள் என் மகனிடம் மூடியைப் பற்றி ஏதோ சொல்லப் போயிருக்கிறாள். ஒரு மூடியை மூட எனக்குத் தெரியாதா என்று அவன் முறைத்திருக்கிறான். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

இந்த நிலையில்தான் குடிநீர் ஏரிக் கரை வேலை வந்தது. கரையோரம் வரிசையாகப் பெரிய மரங்கள். சில பட்டுப்போய்த் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்தன. ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீர். ஏரிக்குப் பொறுப்பான பொறியாளர் ஒரு பெண்மணி, சுருக்கமாகப் பேசுபவர். எங்களையும் என் பங்காளியையும் ஒன்றாகக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: மரம் எப்படி விழுந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், முதலில் வேலை உங்களுக்கு, எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றைக்கே இவருக்குக் கைமாறும்.

பங்காளி என் சித்தப்பா மகன். வேலை செய்யும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பதால் எல்லோருக்கும் அவன் விசில். தொழில் பிரிந்ததிலிருந்து நாங்கள் போகும் இடமெல்லாம் அவனும் வந்து நிற்பான். அன்றும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பொறியாளரைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணன் ஆளுங்க எல்லாம் இப்ப கறுப்புப் பேன்ட்தான் போடுறாங்க மேடம். என்ன காரணம்னு அண்ணனையே கேளுங்க."

ரத்தம் தலைக்கு ஏறியது. "எங்க ரம்பம் ஒழுகாது மேடம். இது என் வார்த்தை" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் வார்த்தை கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அதை ஒரு மூடியை நம்பிக் கொடுத்திருக்கிறேன் என்பது வண்டியில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

பரணில் பழைய ரம்பங்கள் இருந்தன. அவற்றை எடுத்துப் போகலாம் என்றால், சம்பந்தி நாங்கள் செய்யும் வேலையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கடை ரம்பம் ஏரிக்கரையில் ஓடப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் கண்முன்னால் பழைய ரம்பத்தை இழுத்து ஓட்டினால் அவரை நடுவீதியில் நிறுத்தி அடித்ததற்குச் சமம். புது ரம்பத்தை ஓட்டினால் என் வார்த்தை ஒழுகிவிடும். கொட்டகையில் நானும் மகனும் உட்கார்ந்து யோசித்தோம். அவன்தான் வழி சொன்னான். தடிமனான பருத்தித் துணியை ரம்பத்தின் வயிற்றைச் சுற்றி, மூடி இரண்டும் மறையும்படி இறுக்கிக் கட்டிவிடலாம். ஒழுகினால் துணி குடித்துக்கொள்ளும். கேட்டால் மெஷின் சூடாகாமல் இருக்க என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒன்றில் கட்டி ஒன்றில் கட்டாமல் விட்டால் கேள்வி வரும் என்று மருமகளின் ரம்பத்திலும் கட்டச் சொன்னது நான்தான்.

விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனோம். புல்வெளியில் பெரிய தார்ப்பாயை விரித்து, எல்லா ரம்பங்களையும் வரிசையாக வைத்தோம். எல்லாம் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு நின்றன. பொறியாளர் அம்மா கைகட்டி நின்றுகொண்டிருந்தார். விசில் தன் வண்டி மேல் சாய்ந்து நின்றான். வேலை கைமாறினால் அப்படியே இறங்கிவிடலாம் என்று ஆட்களையும் ஏற்றி வந்திருந்தான். சம்பந்தி வெள்ளை உடுப்பில் வந்து வணக்கம் சொல்லிவிட்டு, ரம்பங்களைப் பார்த்தார். துணிகளைப் பார்த்தார். இன்றைக்கு மழை வராது என்றார்.

மருமகள் மரத்தடியில் கயிறு பூட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு வார், மரத்தைப் பற்றும் கால் முள், தலைக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு தன் ரம்பத்தை எடுக்க வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். துணியைத் தொட்டு விரலை முகர்ந்தாள். நிரப்பியது என் மகன். பெட்ரோல் ஏற்கனவே கசிந்து துணியில் ஏறியிருந்தது. துணி முடிச்சுக்கு ஒரு விரல் தள்ளிப் புகைபோக்கி. மெஷின் ஓடத் தொடங்கினால் அது பழுக்கக் காய்ச்சிய இரும்பு. அவள் உச்சியில் கயிற்றில் கட்டுண்டு நிற்பாள்.

இவ்வளவையும் அவள் ஒரு பார்வையில் பார்த்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. துணி எண்ணெயைக் குடிக்கும் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. தார்ப்பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து முதல் ரம்பத்தின் துணியை அறுத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. என் மகன் பாய்ந்து வந்து, எல்லாரும் பார்க்கிறாங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். நானும் குரலை உயர்த்தினேன். எனக்கு எதிரே குரலை உயர்த்தாத பெண், அப்போதும் உயர்த்தவில்லை. எல்லாத் துணியையும் அறுத்துச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்பா, உங்க மூடி பொய் சொல்லுது" என்றாள் சம்பந்தியைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா, நம்ம அதை நம்புறோம். ரெண்டு பேரும் மரியாதைக்காக வாய மூடிக்கிட்டு இருக்கீங்க. ஆனா மரத்து மேல போறது நான்."

விசில்கூட விசிலை நிறுத்திவிட்டான். பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் ஒரே மூச்சில், வெளி ஆட்கள் முன்னால் கேட்டுவிட்டாள். என் கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் சொன்னதில் எந்தச் சொல்லை எடுத்து மறுப்பது என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

சம்பந்தி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வந்து மகளுக்குப் பக்கத்தில், வெள்ளைக் கால்சட்டையோடு தார்ப்பாயில் உட்கார்ந்தார். என் மகனின் ரம்பத்தை மடியில் வைத்தார். எண்ணெய் மூடியைத் திறந்தார். எல்லோரும் மூடுவதுபோல வைத்து, திருப்பி, காதை மடக்கினார். பார்ப்பதற்குக் கச்சிதமாக இருந்தது. பொறியாளர் அம்மாவைப் பார்த்து, நல்லா மூடியிருக்கா மேடம் என்று கேட்டார். அவரும் குனிந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றார். சம்பந்தி ரம்பத்தைத் தன் மடி மேலேயே கவிழ்த்தார்.

எண்ணெய் கொழகொழவென்று அவர் இரண்டு தொடையிலும் பரவி முழங்கால் வரை இறங்கியது. அவர் துடைக்கக்கூட இல்லை.

"என் பொண்ணு சொன்னது சரி" என்றார். "கடையில நானே எத்தனையோ தடவை கொட்டிக்கிட்டேன். மேஜைக்குள்ள மாத்து உடுப்பு எப்பவும் இருக்கும். சம்பந்தி வீட்டுல ஒழுகுதுன்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு மூடத் தெரியலன்னு நான் எப்படிச் சொல்றது?"

இத்தனை வருஷம் உடுப்பால் பேசிய மனிதர், அந்த உடுப்பையே கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டார். கடைக்காரர் ஒருவர் தன் சரக்கின் குறையைத் தன் மடியில் ஊற்றிக் காட்டியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவரை அந்தக் கோலத்தில் தனியாக உட்காரவிட்டு நான் நின்றுகொண்டிருப்பது முறையல்ல. நானும் உட்கார்ந்தேன். பொறியாளர் அம்மாவிடம் சொன்னேன்.

"மேடம், ஒழுகாதுன்னு வார்த்தை கொடுத்தேன். அத வாபஸ் வாங்கிக்கிறேன். ஒழுகும். சரியா மூடினா ஒழுகாது. எங்களுக்கு மூடத் தெரியல. இந்தப் பொண்ணுக்குத் தெரியும்."

விசில் காதில் விழும்படி அதைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மருமகள் அதற்குமேல் யாரையும் நோகடிக்கவில்லை. வேலையில் இறங்கிவிட்டாள். ஒரு மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். அதற்கு மேல்பாகம், அடிப்பாகம் என்று இரண்டு பாகம். அடிப்பாகம் தானாகக் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் மேல்பாகம் தன் பாட்டுக்குச் சுற்றும், மடங்கும். அடியில் பூட்டு விழாது. அதனால் முதலில் விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைக்க வேண்டும். மூடியை வைத்து முதலில் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். அது ஒரு பள்ளத்தில் டொக்கென்று இறங்கும். இறங்கிய பிறகுதான் முன்பக்கம் திருப்ப வேண்டும். மடக்கிய பிறகு பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும், அந்த டொக்கைக் காது கேட்பதைவிட விரல் நன்றாகக் கேட்கும் என்றாள்.

"பின்னாடி சுத்தணுமா? மூடுறதுக்கு எவனாவது பின்னாடி சுத்துவானா?" என்றான் என் மகன்.

"அதான் இத்தனை நாளா முன்னாடி சுத்திப் பாத்தீங்களே" என்றாள்.

எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். பிறகு அவள் கையிலிருந்த மூடியை வாங்கி, பின்னால் சுற்றினான். டொக்கென்றதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பொறியாளர் அம்மா இவ்வளவையும் பார்த்துக்கொண்டே நின்றார். வேலையை மாற்றிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். விசிலும் எதிர்பார்த்து ஓரடி முன்னால் வந்தான். அவர் அவனைப் பார்த்து, உங்க மெஷினுக்கு என்ன மூடி என்று கேட்டார். அவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அதே மூடிதான். ஒழுகுமா என்று கேட்டார். என் பங்காளி முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தான். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என்ன இருந்தாலும் எங்கள் ரத்தம்.

அவர் தன் பையிலிருந்து வெள்ளைத் தாள்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். நிரப்புவதெல்லாம் இந்தத் தார்ப்பாயில்தான். நிரப்பிய ஒவ்வொரு ரம்பத்தையும் தாளின் மேல் சாய்த்துப் பிடித்து அவருக்குக் காட்டிவிட்டுத்தான் கரைக்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு தாளில் கறை விழுந்தால் வண்டி ஏறிவிடலாம்.

அன்று முழுக்கத் தார்ப்பாயில் உட்கார்ந்து ரம்பங்களை நிரப்பியது நானும் சம்பந்தியும். வேறு யாரையும் நாங்கள் தொடவிடவில்லை. பெட்ரோல் என்னுடையது, எண்ணெய் அவருடையது. ஒருவருக்கு ஒரே வாய் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. முதலில் என் விரல்கள் பிடிவாதம் பிடித்தன. பின்னால் சுற்று என்று மூளை சொன்னால் கை முன்னால் போனது. மத்தியானத்துக்குள் அதற்கும் புத்தி வந்துவிட்டது. சாய்த்துப் பிடித்த ஒவ்வொரு தடவையும் தாளையே பார்த்துக்கொண்டிருப்போம். பொறியாளர் அம்மா தலையசைத்ததும், ரம்பம் கயிற்றில் ஏறி மேலே போகும்.

மேலே அவள். தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த பெரிய மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினாள். ஒவ்வொரு துண்டையும் அறுப்பதற்கு முன் கயிறு கட்டி, மகன் கீழே பிடித்துக்கொள்ள, தண்ணீரின் மேல் ஒரு ஊஞ்சல்போல ஆடவிட்டுக் கரையில் இறக்கினார்கள். ஒரு பிசகு இல்லை. விசில் தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தான். போகிறபோது மட்டும் தார்ப்பாய் ஓரம் குனிந்து, அந்தப் பின்னாடி சுற்றுகிற வித்தையை இன்னொரு தடவை காட்டச் சொன்னான். நான் காட்டினேன்.

பொழுது சாயும்போது பெரிய மரம் கரையில் துண்டுகளாகக் கிடந்தது. பொறியாளர் அம்மா தண்ணீர் ஓரமாகக் கடைசி வரை நடந்து போய்க் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்தார். மிச்ச மரங்களுக்கும் நாளைக்கு வந்துவிடுங்கள் என்றார். பாராட்டு என்று எதுவும் சொல்லவில்லை. இறங்கி வந்த மருமகளிடம் மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். மகன் பக்கத்தில். பின்னிருக்கையில், எண்ணெயும் தூளும் ஒட்டிய கால்சட்டையோடு சம்பந்தியும் நானும். கொஞ்ச தூரம் போனதும் சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. மாப்பிள்ளை செயினை ரொம்ப இறுக்கி வைக்கிறாரு. செயின் ஓடுற பார் தேஞ்சுபோகும்."

இப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. எனக்கு ஒருமாதிரி நிம்மதியாக இருந்தது.

"உங்க கடை ஸ்டார்ட்டர் கயிறு மட்டும் என்ன வாழுதாம்? மூணு இழுப்புக்கு ஒரு தடவை உள்ளயே சிக்குது" என்றேன்.

"நேரா இழுத்தா ஏன் சிக்குது? உங்க ஆளுங்க கோணலா இழுக்குறாங்க."

"கோணலாவா? பரம்பரையா இழுக்குறோம் சம்பந்தி."

"அதத்தான் சொல்றேன், பரம்பரையாவே கோணல்."

முன்னால் மகனின் தோள் குலுங்கியது. மருமகள் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். திரும்பவும் சாலையைப் பார்த்தாள். ஏர் ஃபில்டர், செயின் பல், புகை, பில் போடாமல் கொடுத்த ஸ்பார்க் பிளக் என்று ஒவ்வொன்றாக வந்தது. இவ்வளவு குறைகளை இருவரும் எங்கே வைத்திருந்தோமோ தெரியவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்று, அவள் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கி, மகனும் இறங்கி, உள்ளே விளக்கு எரிந்தது. நாங்கள் இருவரும் இறங்கவில்லை. சங்கிலியை எந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை.